சாவி குடுத்தாச்சு

தகரப் பொம்மை சேர்ப்பவர்களுக்கு ஹட்டன் நல்ல ஊர் இல்லை. வருடத்தின் பெரும்பகுதி மூடுபனி அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். காலையில் சுவரைத் தொட்டால் விரல் ஈரமாகும். பழைய தகரத்தில் வர்ணம் எங்கே கீறியிருக்கிறதோ அங்கே முதலில் ஒரு பழுப்புப் புள்ளி வரும். கவனிக்காமல் விட்டால் அடுத்த மழைக்குள் அது பொம்மையின் கன்னத்தைத் தின்றுவிடும். நான் வாடகைக்கு இருக்கும் அறையில் ஒரு கண்ணாடி அலுமாரி வைத்திருக்கிறேன். அதன் ஒவ்வொரு தட்டிலும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்கள் கிடக்கும். அவற்றுக்காக அலைய வேண்டியதில்லை. என் வேலை மின்னணுத் தராசுகளைப் பழுது பார்ப்பது. தராசுக்கு வரும் உதிரிப்பாகங்களோடு அந்தப் பொட்டலமும் வரும். மற்றவர்கள் அதை எறிந்துவிடுவார்கள்.

சாவி கொடுத்தால் ஓடுகிற பொம்மைகளைத்தான் சேர்க்கிறேன். அதிலும் கார், ரயில் எல்லாம் வேண்டாம், ஆள் உருவம் இருக்க வேண்டும். தோசைக்கல் போன்ற ஒன்றை ஆட்டிக்கொண்டே இருக்கும் சமையல்காரர், தலை கீழாகக் கையால் நடக்கும் கோமாளி, கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பொலிஸ்காரர், மேளம் அடிக்கும் ஒருவர். இவர்களுக்குள்ளே இருப்பது ஏறத்தாழ ஒரே இயந்திரம். ஒரு சுருள்வில், சில பற்சக்கரங்கள், வேகத்தை அடக்க ஒரு சின்னத் தகடு. அதே இயந்திரத்தின் மேல் வேறொரு முகத்தை மாட்டியதும் அது வேறொரு ஆளாகிவிடுகிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது. இதைவிடப் பெரிய காரணம் சொல்லத் தெரியவில்லை. வீட்டில், "கல்யாணத்துக்கு அலுமாரி வாங்கச் சொன்னா, அலுமாரிக்குப் பொம்மை வாங்குறா" என்று அம்மா சொல்வார்.

எனக்குச் சில விதிகள் உண்டு. வர்ணம் பூசக் கூடாது. உடலின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்கும் தகர நாக்குகளை விரிக்கக் கூடாது. பழைய தகரம் ஒருமுறை மடங்கும், மறுமுறை உடையும். இல்லாத பாகத்துக்கு மாற்றுப் பாகம் போடக் கூடாது. கைக்கு வந்ததும் ஒரே ஒரு முறை, அரைச் சுற்று மட்டும் சாவி கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம், பிறகு ஓட்டக் கூடாது. சாவி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தளர்வு. சாவி கழன்று வருகிற பொம்மைகளில் அது முதலில் தொலைந்துபோவதால், பல அளவுச் சாவிகளை ஒரு வளையத்தில் கோத்துப் பையில் வைத்திருப்பேன்.

டயகமப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்கு வேலையாகப் போயிருந்தேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு தப்பாகக் காட்டுகிறது என்று அழைத்திருந்தார்கள். எறும்பு உள்ளே கூடு கட்டியிருந்தது. நான் தராசைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருக்க, மதியக் கொழுந்தோடு வந்த பெண்கள் கூடையை இறக்கிவிட்டுச் சுற்றி நின்றார்கள். பக்கத்தில் வைத்திருந்த என் போனில் வெளிச்சம் வந்தது. திரையில் என் சமையல்காரரின் படம். நாற்பது வயதிருக்கும் ஒருவர் குனிந்து பார்த்தார்.

"மிஸ், இந்த மாதிரி எங்க வூட்லயும் ஒருத்தர் இருக்காரு. தொரை."

"ஒன் வூட்லயா தொரை? இத்தன நாளா சொல்லவே இல்லையே?" என்றார் பின்னால் நின்றவர்.

"தகரத் தொரைடி. கோட்டுப் போட்டிருப்பாரு, கையில சூட்கேசு. சாவி குடுத்தா நடப்பாரு. நடந்துக்கிட்டே தொப்பியத் தூக்கி சலாம் போடுவாரு."

"நமக்கு சலாம் போடுற தொரையா? இந்தத் தோட்டத்துல அப்பிடி ஒருத்தர யாரு பார்த்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்க மறந்துவிட்டேன். நடந்துகொண்டே தொப்பியைத் தூக்குகிறதென்றால், அந்த ஒரே இயந்திரத்திலிருந்து கைக்குத் தனியாக ஒரு கம்பி போகிறது. அப்படி ஒன்றை அதுவரை நேரில் பார்த்ததில்லை.

அவரது கணவரின் அப்பா பங்களாவில் சமையல் வேலை செய்தவராம். அங்கிருந்த குடும்பம் ஊரைவிட்டுப் போனபோது, சாமான்களோடு ஏற்றாமல் விட்ட பொம்மை அது. வீட்டில் யாரும் இப்போது அதைத் தொடுவதில்லை என்றார்.

"ஒங்ககிட்ட குடுத்தா என்னா செய்வீங்க மிஸ்?"

"கண்ணாடி அலுமாரில வைப்பேன்கா."

"பூட்டி?"

"பூட்டித்தான்."

"புள்ளைங்க யாரும் எடுக்க மாட்டாங்களே?"

"எங்க அறையில புள்ளைங்களே கிடையாது."

அது அவருக்குப் பிடித்த பதிலாக இருந்தது. போன் இலக்கத்தைக் கொடுத்து ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். என்னைப் போலவே பொருளின் அருமை தெரிந்தவர் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

முதல்நாள் சனிக்கிழமை, எதற்கும் கேட்டுவிடலாமென்று போன் எடுத்தேன். அவர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். காற்று இரைச்சலில் பாதிச் சொற்கள் பறந்தன.

"அக்கா, பொம்மைக்குச் சாவி இருக்கா?"

"சாவியா? அது குடுத்தாச்சு மிஸ்."

"ஓ, குடுத்தே வச்சிருக்கீங்களா?"

"ஆமாங்க, சாவி குடுத்தாச்சு."

"சரிக்கா, அப்பிடியே இருக்கட்டும். நான் வந்து பாத்துக்கிறேன்."

"ஆமா, அப்பிடியே இருக்கட்டும்" என்றார், நிம்மதியாக.

சுருள்வில் இறுகிய நிலையில் இருக்கிறது, ஆகவே பொம்மை வேலை செய்கிறது என்று நான் புரிந்துகொண்டேன். கடிகாரத்துக்கு, பொம்மைக்கு, எதற்கானாலும் தமிழில் சாவி கொடுப்பது என்றால் முறுக்குவதுதான். சாவியை எடுத்து இன்னொருவர் கையில் கொடுப்பதற்கும் அதே சொற்கள்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிறு மதியத்துக்கு மேல் அவர்களுடைய லயத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அக்கா இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பார்கள், அதற்குப் போயிருந்தார். கணவர் இருந்தார். வீட்டு முன்னால் இருந்த இஸ்தோப்பில் நாற்காலி போட்டு, தேத்தண்ணி கொண்டுவந்தார். கோப்பையைப் பிடித்திருந்த இடது கையில் கடைசி இரண்டு விரல்களும் இல்லை. அவர் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கும் ரோலரில் வேலை செய்கிறார் என்று அக்கா முன்பே சொல்லியிருந்ததால் நான் ஒன்றும் கேட்கவில்லை.

"தொரையப் பாக்கத்தான வந்தீங்க? இருங்க, எறக்கி வைக்கிறேன். அவரு மேல்மாடியிலதான் இருக்காரு" என்று உள்ளே போய், அலுமாரிக்கு மேலிருந்து துணிப்பொட்டலம் ஒன்றை எடுத்துவந்தார்.

நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. வட்டத் தொப்பி, பழுப்புக் கோட்டு, சூட்கேசில் வரைந்த தோல்வார். முகத்தில் அடுப்புப் புகை படிந்திருந்ததே அதைத் துருவிலிருந்து காப்பாற்றியிருந்தது. மீசையின் ஒரு நுனி மட்டும் அழிந்திருந்தது. முதுகில் சாவித் துளை. காலை லேசாக அசைத்துப் பார்த்தேன், இறுக்கம் இல்லை.

"சாவி குடுத்துட்டதா அக்கா சொன்னாங்களே?"

அவர் சிரித்தார். "ஆமா, குடுத்துட்டா குடுத்துட்டா."

"முறுக்கு எறங்கியிருக்கு போல."

சாவி வளையத்தை எடுத்தேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார்.

"இத்தன சாவியா? நம்ம தொரைக்கும் இருக்குமா இதுல?"

இரண்டாவது சாவியே பொருந்தியது.

"அட! குடுங்க குடுங்க. அவ வர்றதுக்குள்ள ஒருவாட்டி பாத்துருவோம். மத்த தொரைமாருங்க நமக்குச் சாவி குடுப்பாங்க. இவருக்கு மட்டுந்தான் நாம."

அவ வர்றதுக்குள்ள என்றதை வீட்டுக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் கேலி என்று எடுத்துக்கொண்டேன். அரைச் சுற்றுக் கொடுத்து, பொம்மையைச் சீமெந்துத் தரையில் வைத்தேன்.

தொரை நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் உடல் ஒருபக்கம் சாய, சூட்கேசு முன்னும் பின்னும் ஆடியது. நான்கைந்து அடிக்கு ஒருமுறை வலது கை உயர்ந்து தொப்பியைத் தூக்கியது. உள்ளே பற்சக்கரங்களின் ஓசை ஒரே சீராக இருந்தது. நான் தரையில் மண்டியிட்டு அந்தக் கைக் கம்பி எங்கே போகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் குழந்தை மாதிரிக் கையைத் தட்டினார். தொரை இஸ்தோப்பின் வாசலை நோக்கிப் போனார். வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தார், கூடைக் கயிறு இன்னும் நெற்றியில்.

தொரை அவருக்குச் சலாம் போட்டார்.

அக்கா கத்தவில்லை. குனிந்து பொம்மையை எடுத்தார். அது அவர் கைக்குள் காலை உதைத்துக்கொண்டே இருந்தது. முறுக்கு இறங்கும்வரை அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரு சாவி குடுத்தது?"

கணவர் கூரையைப் பார்த்தார். "நான்தான்கா" என்றேன்.

"சாவி சாமிகிட்டல்ல இருக்கு?"

பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ரோலரில் கை சிக்கி கணவரது விரல்கள் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் மறுபடியும் அதே ரோலருக்குத்தான் போனார், வேறு வேலை இல்லை. ஸ்டோருக்குள் ஒரு மூலையில் ரோதமுனி இருக்கிறார். ரோதை என்றால் சக்கரம், தோட்டத்தில் சுற்றுவது எல்லாமே ரோதைதான். இயந்திரங்களுக்குக் காவல் இருக்கிற சாமி அவர். அக்கா அங்கே போய் பொம்மையின் சாவியைச் சாமிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருந்தார். எங்க வீட்டு ரோதை இனி ஓடாது, ஒன் ரோதை இவரத் தொடக் கூடாது.

அப்படித்தான் சாவி கொடுத்திருக்கிறார். எனக்குப் பொம்மையைத் தர நினைத்ததும் அதற்காகவே. தீபாவளிக்கு வரும் உறவுக்காரப் பிள்ளைகள் அதை நோண்டிக்கொண்டே இருந்தார்களாம். பூட்டிய கண்ணாடிக்குள் போய்விட்டால் பயமில்லை என்று எண்ணியிருக்கிறார்.

"இன்னைக்கு ராத்திரி நீங்க வேலைக்குப் போக வேணாம்" என்றார் கணவரிடம்.

"வெளாடாத. இன்னைக்கு எடுத்த கொழுந்த யாரு அரைக்கிறது? ஒன் தொரையா?"

"போக வேணாம்னா வேணாம்."

"டீமேக்கரய்யாகிட்ட என்னான்னு சொல்றது? பொம்மை நடந்துருச்சு, அதனால லீவு வேணும்னா? ஸ்டோரே சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். சிரிச்சா வெரலு போகாது."

கணவர் இடது கையைச் சாரத்தின் மடிப்புக்குள் வைத்துக்கொண்டார்.

இந்த நிலையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்வது என் கடமை என்று தோன்றியது. இப்போதெல்லாம் ரோலருக்குத் தடுப்புக் கம்பி போட்டிருப்பார்கள், அவசரத்துக்கு நிறுத்த சுவிட்ச் இருக்கும் என்று விளக்கினேன்.

"அன்னைக்கும் சுவிட்சு இருந்துச்சு மிஸ்" என்றார் அக்கா.

சாமிக்குத் தேங்காய் உடைத்து மன்னிப்புக் கேட்டால் ஆகாதா என்று கேட்டேன்.

"தேங்கா தர்றேன்னு நான் சொல்லலியே. ஓடாதுன்னுல்ல சொன்னேன்."

தராசு வாங்குகிறவர்களிடம் நான் சொல்வதும் இதுதான். காகிதத்தில் எழுதியபடி நிறுக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். பதிலுக்கு வேறொரு நல்ல பொருளைக் கொடுத்துச் சரிக்கட்ட முடியாது. அக்கா சாமியிடம் ஒரு நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டிருந்தார், இப்போது அது அவர் கண் முன்னாலேயே தவறிவிட்டது.

அவர் என் சாவி வளையத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குச் சாவி ஒலகத்துலயே ஒண்ணுதான்னு நெனச்சேன்."

"இல்லக்கா. எல்லாம் சில அளவுதான். நான் இனிமே குடுக்க மாட்டேன்."

"நீங்க குடுக்க மாட்டீங்க. ஒங்களுக்குப் பெறகு?"

என் பொம்மைகள் எல்லாமே இன்னொருவருக்குப் பிறகு வந்தவை.

"தராசெல்லாம் ரிப்பேர் பண்றீங்கல்ல மிஸ். ஓடுறத ஓடாம பண்ண முடியாதா?"

முடியும். சுருள்வில்லை எடுத்துவிட்டால் போதும். ஆனால் அதற்குத் தகர நாக்குகளை விரிக்க வேண்டும். நல்ல நிலையில் ஓடுகிற, தொப்பி தூக்குகிற, நான் பார்த்த ஒரே பொம்மை அது. என் அலுமாரியில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்தாலும் அதற்கு ஈடாகாது. ஓடுவதைப் பழுதாக்குவதற்கு இதுவரை யாரும் என்னை அழைத்ததில்லை. கணவர் வாசலில் நின்று ஸ்டோர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். புகைபோக்கியில் புகை வர ஆரம்பித்திருந்தது. அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டாமல் யாரும் வெளியே போக முடியாது.

"ஒரு பழைய துணி குடுங்கக்கா" என்றேன்.

பையிலிருந்து சிறு திருப்புளியையும் குறடையும் எடுத்தேன். நாக்குகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். கடைசி நாக்கு கையோடு வந்துவிட்டது. உடல் இரண்டாகத் திறந்தது. உள்ளே புகைக்கரியும், எப்படியோ புகுந்த ஒரு நெல்லும், அதற்கடியில் அந்த இயந்திரமும். கைக்குப் போகும் கம்பியை அப்போதுதான் பார்த்தேன். ஒரு பற்சக்கரத்தின் ஓரத்தில் சின்னக் குமிழ் ஒன்றை வைத்து அதைக் கொண்டே கையைத் தூக்கியிருந்தார்கள். மிக எளிய வேலை. சில நொடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, வில் தெறித்துவிடாதபடி துணியால் அமுக்கிப் பிடித்து, அச்சைத் தட்டி, அதை வெளியே எடுத்தேன். கைவிட்டதும் அது தரையில் விரிந்து, நீல நிறமாகக் கிடந்தது.

"தொரைக்குக் கொடல எடுத்தாச்சு" என்றார் கணவர். கேலியாக ஆரம்பித்தது, முடிக்கும்போது அப்படி இல்லை.

அக்கா வில்லை எடுத்து, ஒரு தடித்த கடுதாசியில் சுற்றி, கணவரது சட்டைப் பையில் வைத்தார்.

"சாவிக்குப் பக்கத்துல மாட்டுங்க. மாட்டிட்டு, ஓடுனது தெரியாம நடந்துச்சு, இனி முடியவே முடியாதுன்னு சொல்லுங்க. வாய்க்குள்ள முணுமுணுக்காதீங்க. சத்தமா சொல்லுங்க."

"அங்க ரோலர் சத்தத்துல சாமிக்கே எங்கே கேக்கப் போகுது."

"அதான் சத்தமா சொல்லச் சொல்றேன்."

படியிலிருந்து எழுந்து வழி விட்டார். கணவர் டோர்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். ஸ்டோருக்குத் திரும்பும் வளைவுவரை அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். நான் பொம்மையை மூடி, மிஞ்சிய நாக்குகளை மடித்தேன். உடைந்த நாக்கின் பக்கம் ஒரு மெல்லிய இடைவெளி தெரிந்தது, என்ன செய்தாலும் சேரவில்லை.

வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அக்கா அதற்கு இடம் கொடுக்கவில்லை, துணியில் சுற்றி என் பைக்குள் வைத்துவிட்டார்.

"கோவத்துல பேசிட்டேன்னு நெனைக்காதீங்க மிஸ்."

"நீங்க கோவமாப் பேசவே இல்லையேக்கா."

"மனசுக்குள்ள நல்லாப் பேசிட்டேன்" என்றார்.

அதே அளவுச் சுருள்வில் இரண்டு என் மேசை லாச்சியில் கிடக்கின்றன. அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது பையை மடியில் வைத்துக்கொண்டு, ரோதமுனியை நம்பாத ஒருத்தி ஏன் ஒரு நல்ல பொம்மையைக் கெடுத்தாள் என்று ஒழுங்காக யோசிக்க முயன்றேன். காரணங்களை வரிசையாக எழுதினால் எதுவும் தனியாக நிற்கவில்லை.

மறுநாள் காலை வேலைக்குப் புறப்படும்போது போன் வந்தது.

"வந்துட்டாருங்க" என்றார் அக்கா.

"கை?"

"அந்தக் கையாலதான் பல்லு வெளக்கிக்கிட்டு இருக்காரு." பின்னால் ஏதோ துப்பும் சத்தம் கேட்டது. "தொரை எப்பிடி?"

"அலுமாரில இருக்காருக்கா."

"ஓடலையே?"

"ஓடலக்கா."

இப்போதும் அக்கா சில காலைகளில் போன் எடுப்பார், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில், அனேகமாக முதல்நாள் ஸ்டோரில் ஏதாவது நின்றுபோனதாகவோ யாருக்கோ சிறு அடி பட்டதாகவோ கேள்விப்பட்டிருந்தால். பேச்சு நீளாது. கணவர் வந்துவிட்டதைச் சொல்வார், பிறகு ஓடலையே என்று கேட்பார். உள்ளே வில் இல்லை. பார்க்காமலே பதில் சொல்லலாம். நான் போனைக் காதில் வைத்தபடி அலுமாரிக்குப் போய், கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்துவிட்டு, ஓடலக்கா என்கிறேன்.